சுதி சேர்ந்ததா?

இதுவும் வாசிப்புதான் என்றால், இத்தனை வருஷமாக நான் பாடிக்கொண்டிருந்தது என்ன?

சமையலறை நிலைப்படியில் காபித் தட்டோடு நின்றபடி காந்தா நினைத்துக்கொண்டாள். கூடத்தில் அவள் கொழுந்தன் இளங்கோவன் எலக்ட்ரிக் கிடாரை மடியில் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தான். மெட்ராஸில் வேலை, கிடார் அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். அவனை மாப்பிள்ளை பார்க்க முசரவாக்கத்திலிருந்து வந்திருந்தவர், பெண்ணின் மாமா கோதண்டபாணி, “தம்பி நல்லா வாசிக்குமாமே” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டார். எப்படியும் கேட்பார்கள் என்றே மைக் செட் ரஷீதை முன்கூட்டியே வரவழைத்திருந்தான் அவள் கணவன் ராஜகோபால்.

வந்தது பாட்டில்லை. தகரத்தை ரம்பம் அறுப்பதுபோல் ஒன்று எழும்பியது. அதன்மேல் இன்னொன்று ஏறி மோதியது. ஒன்றோடொன்று ஒத்துப்போக மாட்டோம் என்று இரண்டும் அலறின. ராஜகோபாலின் புன்னகை மட்டும் முகத்தில் தனியாக நின்றது. பக்கத்து வீட்டுத் தறி ஓய்ந்தது. குப்புசாமி ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“இன்னா ராஜகோபாலு, என் தறிலதான் எதுவோ முறிஞ்சிடுச்சுன்னு தறிக்குழிக்குள்ள குனிஞ்சி தேடிக்கினு இருக்கேன்!”

எல்லோரும் ரஷீதைப் பார்த்தார்கள்.

“என்னைப் பாக்காதீங்கபா. என் செட்டு சுத்தமா இருக்குது. சத்தம் தம்பியோடது.”

சத்தம் நின்றது. தொடையில் தாளம் போடக் கையைத் தயாராக வைத்திருந்த கோதண்டபாணி, கனிவாகக் கேட்டார்.

“சுதி சேந்துடுச்சா தம்பி? சரி, இப்ப ஆரம்பி.”

“முடிஞ்சிடுச்சுங்க” என்றான் இளங்கோவன்.

காந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு பழைய நாள் ஒன்றும் ஞாபகம் வந்தது. பிறந்த வீட்டுக் கூடத்தில் அவளையும் ஒருநாள் இப்படித்தான் உட்காரவைத்தார்கள். தேனாகப் பாடினாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து இந்த வீட்டில் விருந்தாளிக்குக் காபி, பிறகு காந்தாவின் பாட்டு. உள்ளே எது கரகரவென்று அறுத்தாலும் வெளியே தேன்தான். அந்தக் கரகரப்பை ஒருவன் நடுக்கூடத்தில் வைத்து, மைக்கும் போட்டு, நாலு பேரைக் கேட்கவைத்துவிட்டான். கூரை இடிந்து விழவில்லை.

ராஜகோபால் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

“ஒரே ஒரு பாட்டு பாடும்மா. காதைக் கழுவி அனுப்பணும். இல்லாட்டி இந்த சம்பந்தம் போச்சு.”

இளங்கோவனும் கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளைப் பார்த்தான். “பாடுங்க அண்ணி. நீங்க பாடினா இதை மறந்துடுவாங்க.”

மறந்துவிடுவார்கள்தான். அதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை.

கோதண்டபாணியின் முன் தம்ளரை வைத்தாள். “சூடா இருக்குதுங்க, பாத்து” என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, மெதுவாக, “இன்னிக்கு நான் பாடலைங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தம்ளரை எடுத்தாள்.