நாலடி தள்ளிப் போன கோடு

சாலை அகலப்படுத்தும் அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. அதில் கையெழுத்துப் போடுவது மேலாளர் வேலை. எதை நீட்டினாலும் பார்க்காமலே "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே பாத்தாச்சுதான்.

அன்று காலை பதினோரு மணிக்குத் தையல்காரர் ஒருவர் அளவு டேப்போடு என் மேசைக்கு முன் வந்து நின்றார். அவர் கடைக்குள் நாலடி தள்ளிச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்களாம், அதுவரை இடிக்க. அந்த நாலடியில்தான் அவர் மெஷின் இருக்கிறது.

"போன மாசம் உங்க ஆளுங்களே அளந்துட்டு, கடைக்கு வெளியதான் ரோடுன்னாங்க. இப்ப எப்படிம்மா உள்ள வந்துச்சு? அந்தக் கோடியிலேர்ந்து இடிச்சுக்கிட்டே வர்றாங்க. அடுத்தது எங்கக்கா கடை, அப்புறம் என்னுது."

"கம்ப்யூட்டர் போட்ட கோடு. அது தப்பாது," என்றார் பாத்தாச்சு, நாற்காலியை விட்டு எழாமலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் தானாகவா கோடு போடும்? பழைய சாலைப் படம் அடிக்கணக்கு, புதுப் படம் மீட்டர் கணக்கு. மாற்றியது ஏதோ ஒரு மனுஷ ஜென்மம்தானே? கோப்பைத் திறந்தேன். அலகுப் பட்டியலில் அடி மட்டுமே அரை டஜன் இருந்தது. சாதா அடி, சர்வே அடி, இன்னும் என்னென்னவோ. இந்த மென்பொருளை எழுதியவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி! பழைய படத்தின் மூலையில் 'சர்வே அடி' என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். மாற்றிய புண்ணியவான் பட்டியலில் முதலில் இருந்த சாதா அடியை அமுக்கிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டு அடிக்கும் உள்ள வித்தியாசம் தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கு. ஆனால் அந்தப் படம் அளக்கத் தொடங்கும் புள்ளியோ இருபது லட்சம் அடிக்கு அப்பால் இருக்கிறது. அத்தனை அடியிலும் துளித்துளியாகச் சேர்ந்து, இங்கே வரும்போது நாலடி.

"எந்தக் கூறுகெட்டது இதப் பண்ணுச்சு?" என்று கத்தினேன். மாற்றியவர் பெயர் கோப்பிலேயே இருக்கும். தேடிப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது.

வாயை மூடிக்கொண்டு சர்வே அடியைத் தேர்ந்தெடுத்தேன். கோடு நகர்ந்து கடைக்கு வெளியே போனது. அச்செடுத்துக் கையெழுத்துக்கு நீட்டினால், பாத்தாச்சு வாழ்க்கையில் முதல்முறையாக, "இத நிதானமாப் பாக்கணுமே" என்றார்.

"சார், போடுங்க சார்!"

போட்டார். தையல்காரரோடு ஓடினேன். இடிக்கும் இயந்திரம் அவர் கடை வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. படத்தைக் காட்டி நிறுத்தினேன். அவர் கடை தப்பியது. பக்கத்திலிருந்த அக்கா கடைக்கு முன்சுவரே இல்லை.

அவர் அக்கா சாவி செய்பவர். செங்கல் குவியலில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தவர், தம்பி கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப என் சுவத்தையும் இடிச்சிருக்கத் தேவையே இல்லியா?"

"தேவையே இல்லக்கா. என் தப்புதான்."

திட்டியிருந்தால் தேவலை.

"எவ்வளவு வித்தியாசம்?"

"அடிக்கு ஒரு முடியளவுகூட இல்லக்கா."

செங்கலுக்கடியிலிருந்து தன் அரத்தை உருவித் தூசியைத் தட்டினார்.

"முடியளவு கூடுதலா ராவினா எனக்குச் சாவி திரும்பாதும்மா. அதான் ஒவ்வொண்ணையும் பூட்டுல போட்டுத் திருப்பிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்."