பூவம்மாவின் மூன்று நாள்

கல்மண்டபத்துக்குப் பின்னால், ஹவுசிங்போர்டு பிளாக்கின் படிக்கட்டு ஓரமாகத் தள்ளுவண்டியைப் போட்டு பூவம்மா தோசை ஊற்றுவாள். துறைமுகத்து லோடுமேன்கள், கண்டெய்னர் லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் அவள் கைச் சாம்பார்தான். வருஷம் முழுக்க அந்த அடுப்புக்கு லீவு கிடையாது. அவளுக்கு மட்டும் உண்டு. மாதத்தில் மூன்று நாள்.

'தூரம்' என்று சொன்னால் போதும். மாமியார் போட்ட சட்டம் அது. தூரக்காரி கை பட்டால் கல்லில் தோசை ஒட்டிக்கொள்ளும், யாவாரம் படுத்துவிடும் என்று அடித்துச் சொல்லிவிட்டு அந்தம்மா போய்ச் சேர்ந்தாள். அதனால் அந்த மூன்று நாளும் புருஷன் ஜெயவேல் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே தோசை ஊற்றுவான். பூவம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தால், துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நிற்பது தெரியும். உள்ளே இடம் கிடைக்கிறவரை அவை சும்மா நிற்கும். இவளும் சும்மா இருப்பாள். செத்துப்போன அக்காவை நினைத்து அழுவாள். அக்காவோடு போட்ட சண்டைகளை நினைத்துச் சிரிப்பாள். சில நேரம் எதையுமே நினைக்க மாட்டாள். மூன்றாம் நாள் கீழே இறங்கும்போது மனசு கழுவி வைத்த மாதிரி இருக்கும்.

தீட்டு என்பது கேவலம்தான். அந்த நாட்களில் சோற்றுத் தட்டைக் காலால் தள்ளிவிட்ட மாமியாரை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் மாடியைக் கொடுத்ததும் அதே பாழாய்ப்போன தீட்டுதான். இதைப் போய் யாரிடம் சொல்வது?

நாற்பத்தேழு வயதில் அது நின்றது. மற்ற பெண்கள் விட்டது சனியன் என்று நிம்மதியாவார்கள். பூவம்மாவுக்கு மாடி போய்விடுமே என்றிருந்தது. அடுத்த மாதம் வாய் கூசாமல் "நான் தூரம்" என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்தாள். ஜெயவேலுக்கு என்ன தெரியப்போகிறது? தன் பனியன் எங்கே கிடக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், 2003-இல், மகன் செங்குட்டுவன் ஷாலுவைக் கட்டிக்கொண்டு வந்தான். சடங்கு எதுவும் இல்லாமல் புத்தர் படத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம். மறுநாளே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினான்.

"இனிமே இந்த வூட்ல தீட்டுன்னு ஒண்ணு கெடையாது. பொம்பளைங்கள ஒதுக்கி வெக்கிறது கலீஜ் புத்தி. யம்மா, நீ மாசம் பூரா அடுப்பாண்ட தெகிரியமா நிக்கலாம். எவன் இன்னா கேக்குறான்னு நான் பாக்குறேன்."

ஷாலு கைதட்டினாள். தோசைக் கரண்டியிலிருந்து விடுதலை கிடைத்த ஜெயவேல் அவளைவிடப் பலமாகத் தட்டினான். பையன் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் பூவம்மாவுக்குத் தாங்கவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க நின்றாள். மாவு கரைக்கும்போது தொட்டி நிழல் ஞாபகத்துக்கு வரும். லாரி ஹாரனுக்கு நடுவே கப்பல் ஊதினால் கை தானாக நின்றுவிடும். தலைக்கு மேலேயே இருக்கிற ஓர் இடத்துக்காக இப்படி ஏங்குவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

தை பிறந்து ஒரு நாள், கூட்டம் கலைந்த நேரத்தில், கரண்டியைப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமே?" என்றான் ஜெயவேல்.

"எனக்கு மூணு நாளு வேணும்."

"அதான் தீட்டு இல்லன்னு சொல்ட்டேனேம்மா," என்றான் மகன்.

"தீட்டு வேணாண்டா. அது நின்னே வருசத்துக்கு மேல ஆவுது. அந்த மூணு நாளு வேணும்."

ஜெயவேல் முழித்தான். "அப்ப மாசாமாசம் மாடிக்குப் போனியே?"

"சும்மா ஒக்காந்தேன்."

"டயர்டா கீதுன்னு சொன்னா நாங்க இன்னா வேணாம்னா சொல்லப் போறோம்?" என்றான் செங்குட்டுவன்.

"இந்த நாலு தோசைய மட்டும் ஊத்திட்டுப் போய்ப் படுன்னு சொல்லுவீங்க. தூரம்னாதான் ஒருத்தனும் கூப்ட மாட்டீங்க."

மகனுக்கு முகம் தொங்கிப்போனது. நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை கடையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றான்.

ஞாயிறு காலை தொட்டி நிழலில் பாயை விரித்தாள். கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. அவள் கால் நீட்டுவதற்குள், "யம்மா, மொளகாப் பொடி எங்க கீது?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. சொன்னாள். "யம்மா, மாவு புளிச்சிப்போச்சா? ஒரு நிமிசம் வந்து பாரேன்." பார்க்காமலே பதில் சொன்னாள். அதற்குப் பிறகு கண்தான் கப்பலில் இருந்தது, காது கீழே போய்விட்டது. சும்மா இருக்கவே வரவில்லை. அழுகையாக வந்தது.

ஷாலு மாடிக்கு ஏறி வந்தாள்.

"கூட்டினு வர சொன்னாங்கத்தே. சட்னிக்கு உப்பு தெரிலயாம்."

சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடி ஆச்சி ஒனக்கு?"

"ரெண்டாம் நாளு. இடுப்பு விட்டுப்போவுது. காலைலேர்ந்து நின்னுகினே கீறேன்."

"சொல்ல வேண்டியதுதான?"

"எப்டித்தே சொல்றது? எங்கம்மா வூட்லயும் தீட்டுலாம் பாக்க மாட்டாங்க. எங்கம்மா ஒரு நாளுகூட ஒக்காந்து நான் பாத்ததில்ல."

பூவம்மா பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"யம்மா! ஷாலு! எவ்ளோ நேரம்?" செங்குட்டுவன் கத்தினான்.

பூவம்மா மருமகளை இழுத்துப் பாயில் உட்கார வைத்தாள். பிடித்த தோளை விடாமலே சுவருக்கு மேல் தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"ஷாலு தூரம்டா! நான் தெரியாம அவள தொட்டுட்டேன். ரெண்டு பேரும் எதையும் தொடக் கூடாது!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தீட்டை ஒழித்தவன் கரண்டியும் கையுமாக நின்றான். இத்தனை பேருக்கு நடுவில் அவன் ஆமாம் என்பானா, இல்லை என்பானா?

"அப்ப நீயே ஊத்து நைனா, பசிக்கிது," என்றார் ஒரு லாரி டிரைவர்.

அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஷாலு சுருண்டு படுத்துக் கண்ணை மூடினாள். இந்தப் பொய் எத்தனை மாதம் தாங்கும் என்று பூவம்மாவுக்குத் தெரியவில்லை. மருமகள் தோளில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.