உதயகுமாரின் பாஸ்

அயனம்பாக்கம் ஏரியோரம் எழும்பும் அடுக்குமாடிகளுக்கெல்லாம் கம்பி மண்ணூர்பேட்டை உலைகளிலிருந்துதான் போகிறது. ஊர் வளர்ந்தால் உலைக்கு ஓய்வு ஏது? அங்கே இரண்டு நாள் லீவு போட்டால் மூன்றாம் நாள் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். அதனால் ஒப்பந்தக் கூலிகளிடம் ஒரு வழக்கம்: படுத்துவிட்டவன் தன் கேட் பாஸை வீட்டு ஆள் ஒருவனிடம் கொடுத்து அனுப்புவான். வாட்ச்மேன் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வான், முகத்தைப் பார்க்கமாட்டான். மேஸ்திரிக்கும் தெரியும். அவருக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும்.

சொர்ணத்தின் அண்ணன் உதயகுமார் டெங்குவில் படுத்தபோது பாஸ் அவள் புருஷன் ஞானசேகரனுக்கு வந்தது. வேலையில்லாமல் கிடந்த மனுஷன், சந்தோஷமாகத்தான் கிளம்பினான். நான்காம் நாள் உலையில் கொட்டிய பழைய இரும்பில் வாய் அடைத்த குழாய் ஒன்று இருந்திருக்கிறது, உள்ளே மழைத்தண்ணீரோடு. உலை வெடித்துச் சிதறியது. அவனுக்கு முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. கேட்டில் இருந்த பாஸில் உதயகுமார் என்றிருந்தது.

மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். ஆள் மாறியது தெரிந்தால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, பாஸ் கொடுத்தவன் மேல் கேஸ் வேறு விழும் என்றார். செத்தது உதயகுமார் என்றே இருக்கட்டும். அவன் பெண்டாட்டி நாகவல்லி பெயரில் வரும் ஈ.எஸ்.ஐ. பென்ஷனைச் சொர்ணத்துக்குக் கொடுத்துவிடலாம். தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவர், அதையும் தர்மம் போலவே பேசினார்.

உதயகுமார் தங்கையை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. "நீ இன்னா சொல்றியோ அதான்மா. வாணாம்னா நானே ஸ்டேஷன்ல போய் சொல்லிர்றேன்."

பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் மூலையில் உட்கார்ந்திருந்த தன் இரண்டு மகள்களையும் சொர்ணம் பார்த்தாள். அண்ணன் மேல் கோபம் பற்றி எரிந்தது. அவனை ஜெயிலுக்கு அனுப்பவும் மனசு வரவில்லை.

"சொல்ல வாணாம்," என்றாள்.

மறுநாள் பிணவறை வாசலில், பொட்டை அழித்துக்கொண்டு வந்திருந்த நாகவல்லி கையெழுத்துப் போட்டாள். உயிரோடிருந்த உதயகுமார் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். துணியில் சுற்றி ஞானசேகரனை வெளியே கொண்டுவந்தபோது சொர்ணத்தால் தாங்க முடியவில்லை. எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய், வெளியே தெரிந்த ஒற்றைக் காலைக் கட்டிக்கொண்டாள்.

"செத்தவருக்கு நீ இன்னாம்மா வேணும்?" போலீஸ்காரர் கேட்டார்.

நாகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தங்கச்சிங்க," என்றாள் சொர்ணம்.

"அப்ப தள்ளி நில்லும்மா. சம்சாரம் முன்னாடி வரட்டும்."

சொர்ணம் காலை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.