சிகாவுக்கு இருபத்தைந்து வயதானது

தன் அக்கா சிகா செத்துப் பத்து வருஷம் ஆகிறது என்று திபோர் ஃபாய் சொல்லி முடித்ததும், அடுத்த முற்றத்தில் கம்பு இடித்துக்கொண்டிருந்த சிகாவின் உலக்கை சத்தம் போடுவதை நிறுத்தியது. உலக்கை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது, கம்பு உடையவில்லை. கோழிகள் அவள் காலுக்கு விலகாமல் காலின் ஊடாகவே நடந்து போயின.

இப்படி நடக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தலைநகர் தக்காரிலிருந்து கணக்கெடுக்க ஆள் வந்தால், உடன்பிறந்தவர்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோமோ அதற்கு அவர்கள் உடம்பு ஒத்துப்போய்விடும். போன தடவை ஆளாளுக்கு உத்தேசமாகச் சொன்னதில், ஊரில் பாதிப் பேர் வயது ஒரே மாலையில் ஐந்திலோ சைபரிலோ முடிகிற எண்ணில் போய் நின்றது. சிலருக்குப் பல் விழுந்தது, சிலருக்கு முளைத்தது. நிலக்கடலை பிடுங்குகிற நேரம், யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. திபோருக்கும் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. கேள்வி கேட்க வந்த ஹாவா ஸோ ஃபுல்பே இனத்துப் பெண். செரேர்களான எங்களுக்கும் ஃபுல்பேக்களுக்கும் கேலிமுறை, ஒருவரை ஒருவர் அடிமை என்றுகூடக் கூப்பிடலாம். கண்டும் வம்பிழுக்காமல் போனால்தான் அவமரியாதை.

"உங்கக்கா உயிரோட இருக்காளாடி, என் அடிமைக் குட்டி?" என்று ஹாவா முறைப்படி ஆரம்பித்தாள்.

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தா. நீங்க ஒரு பருக்கை போடல. பட்டினியிலயே போய்ட்டா. பத்து வருஷமாச்சு."

ஹாவா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பில் விரல் பழக்கத்தில் டேப்லெட்டைத் தட்டிவிட்டது. பதில் தக்காருக்குப் போய்விட்டது.

சிகாவுக்கு மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. முப்பத்தெட்டு வயதில் பிறந்து நிலைத்தவன் ஐந்து மாத லத்தீர். செத்துப் பத்து வருஷமானவளிடம் பால் ஏது? அவன் மார்பைத் தேடி வெறும் காற்றைச் சப்பினான், ஆட்டுப்பாலைத் துப்பினான். மறுநாளே உச்சிக்குழி உள்ளே இறங்கியது. ஹாவா அலுவலகத்துக்குப் போன் போட்டு அழுதாள். "சொன்னதைத் திருத்தக் கூடாதும்மா," என்றார் குளிர்சாதன அறையில் இருந்தவர். "அந்தம்மாவே வந்து உயிரோட இருக்கேன்னாலும் செல்லாது. கேள்வி அவங்களைப் பத்தி, அவங்களுக்கு இல்ல. வேற அக்கா தங்கச்சி இருந்தா கேட்டு அனுப்புங்க. பிந்தி வர்றதை எடுத்துக்கறோம்." இதைச் சொல்வதற்கு அவர் வெளிநாடு போய்ப் படித்திருந்தார்.

மூத்தவள் ம்பிசான் வாழ்க்கைப்பட்டது இரண்டு ஊர் தள்ளி. குதிரை வண்டியில் போனார்கள். சிகா ஏறியும் வண்டி தாழவில்லை. ம்பிசானுக்கு வருஷக்கணக்கு எதுவும் மண்டையில் நிற்காது, அதனால் வழியெல்லாம் திபோர் சிகாவின் வயதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எடுத்துக்கொடுத்தால் பதில் செல்லாது என்பதால், அவளையும் சிகாவையும் பிள்ளையோடு ஹாவா வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டாள்.

"உங்க தங்கச்சி சிகா உயிரோட இருக்காங்களா?"

"என்னடி, ஃபுல்பேக்காரி இவ்வளவு மரியாதையா கேக்குற? காய்ச்சலா?"

"பதில் சொல்லுங்க."

"இருக்காளே. இல்லாம எங்க போவா?"

வேலிக்கு வெளியே அழுகை பாதியில் நின்றது. பிறகு மடக் மடக் என்று விழுங்கும் சத்தம். திபோர் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஹாவாவுக்கோ அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட முடியாது.

"வயசு?"

"கைக்குழந்தைக்காரிக்கு என்ன வயசு இருக்கும்? திபோர் அஞ்சு பெத்துட்டா. இவளுக்கு இப்பத்தான் ஒண்ணு. இருபத்தஞ்சு போடு."

திரும்பும்போது வண்டி நன்றாகவே தாழ்ந்தது. சிகாவின் முகத்தில் பதின்மூன்று வருஷம் குறைந்திருந்தது. அவள் புருஷன் இரண்டு நாள் நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டான், மூன்றாம் நாள் பழகிவிட்டது. முப்பத்தைந்து வயது திபோரை அவள் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். இளையவள் வேலை என்று கிணற்றுக்கும் அவளே போனாள். திபோர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. லத்தீர் கொழுத்தான், அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் பிறந்து நிலைத்தார்கள்.

ஐந்து வருஷம் கழித்து வேறொருத்தி கணக்கெடுக்க வந்தபோது, திபோர் கேலி எதுவும் பேசாமல் "சிகா, என் தங்கச்சி, முப்பது, உயிரோட இருக்கா" என்றாள். அந்தப் பதிலை அலுவலகம் சரிபார்த்தது. பிழை எதுவும் இல்லை.