ஏழாம் எண் வீடு

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். இன்னிக்குப் பாத்து அம்மாவக் கூட்டிட்டு வரேங்கற. உனக்கு மூளை கீளை இருக்கா?"

நாத்தனார் கதவை ஒரு சாண்தான் திறந்திருந்தாள். அந்த ஒரு சாணில் புது பெயிண்ட் வாசம் வந்தது. வெளியே நின்ற தையல்காரி அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டாள். மூன்றாம் மாடியிலிருக்கும் அவள் வீட்டில் பூஞ்சை வாசம் மட்டும்தான்.

"ரெண்டே மாசம் அண்ணி. ஈரமில்லாத வீட்ல வச்சிருந்தாலே இளைப்பு பாதி குறைஞ்சிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க. இப்படியே விட்டா அடுத்த மழைக்குத் தாங்க மாட்டாங்களாம். உங்களப் பெத்தவங்கதானே?"

"பெத்தவதான், யாரு இல்லேன்னா? ஆனா இது சாம்பிள் வீடு. வர்ற ஆபீசர் முன்னாடி ஒருத்தர் இருமிக்கிட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்? சுண்ணாம்பு கண்டிப்பா சொல்லிட்டாரு."

கதவு சாத்திக்கொண்டது.

சுண்ணாம்பு என்பவர் காண்ட்ராக்டரின் மேற்பார்வையாளர். எந்த விரிசலைக் காட்டினாலும் ஒரு கை வெள்ளையடித்துவிட்டுப் போவதால் வந்த பெயர். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த கட்டடம் அது. முப்பத்தாறு வீடுகள். கட்டியதோடு கைகழுவிவிட அரசாங்கம் ஒன்றும் பொறுப்பில்லாதது அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது. முப்பத்தாறு வீடும் ஏறி இறங்கினால் அதிகாரியின் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? அதனால் கட்டடத்துக்கு ஒரு வீடு பார்த்தால் போதும் என்று இன்னொரு விதி. இந்தக் கட்டடத்துக்கு ஏழாம் எண். விதியைப் போட்டவர்களைவிடக் காண்ட்ராக்டர் அதைக் கவனமாகப் படித்திருந்தார். நல்ல சிமென்ட், நல்ல குழாய் எல்லாம் ஏழுக்குப் போயின. மிச்ச முப்பத்தைந்து வீடுகளுக்கு மிச்சம் மீதி போனது.

தையல்காரி மாடியேறி வந்தாள். மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் விசில் அடித்தது.

"என்ன சொன்னா மகராசி?"

"இடமில்லையாம்."

"அவளுக்குப் பத்து மாசம் நான் இடம் குடுத்தேன். வெள்ளையடிச்சுக் குடுக்கலேன்னு கோவமோ என்னமோ."

தையல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூடவே ஒரு யோசனையும் வந்தது. தையல் மிஷின் டிராயரைத் திறந்து, ஊசி மாட்டும் திருப்புளியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் காலை நாத்தனார் தண்ணீர் பிடிக்கக் கீழே போன நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஒரு தகர எண் பலகைக்கு இரண்டு திருகாணிதான்.

அதிகாரி புதியவர். ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவதற்குள் மாற்றலாகிவிடுவது வழக்கம். சுண்ணாம்பு முன்னால் நடந்து, முதல் மாடியில் வழக்கமான கதவைத் தட்டினார்.

"இது முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. ஏழு எங்கே?" என்றார் அதிகாரி.

சுண்ணாம்பு பலகையைப் பார்த்தார். நாத்தனார் கதவைத் திறந்து, "இதுதாங்க சார் ஏழு! வாங்க!" என்றாள்.

"படிக்கத் தெரியும்மா எனக்கு."

"ஏழு மூணாவது மாடி சார்," என்றாள் படியில் நின்ற தையல்காரி.

"சார், அந்த வீடு இல்ல..." என்று ஆரம்பித்தார் சுண்ணாம்பு.

"எந்த வீடு இல்ல? ஃபைல்ல ஏழுதானே இருக்கு?"

சுண்ணாம்புக்கு முழி பிதுங்கியது. நாங்கள் ஒழுங்காகக் கட்டிய வீடு இது ஒன்றுதான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் மாடியில் மாமியார் அதிகாரியை அன்போடு வரவேற்றாள்.

"உக்காருங்க சார். அங்க வேணாம், அங்க மழை. இப்படி வாங்க, இங்க தூறல்தான்."

இரவு மழையில் ஊறிய கூரையிலிருந்து ஒரு சொட்டு நேராக ஃபைலில் விழுந்தது. அதிகாரி அண்ணாந்து பார்த்தார். பிறகு மூன்று பக்கம் எழுதினார்.

ஒரே வாரத்தில் ஆட்கள் வந்தார்கள். மொட்டை மாடியில் ஏழாம் எண் வீட்டின் நீள அகலத்தை டேப் பிடித்து அளந்து, அதற்குமேல் ஒரு அங்குலம் தாண்டாமல் பூசினார்கள். அது போதுமாக இருந்தது. இரண்டு மாதத்தில் மாமியாரின் விசில் நின்றது. திட்டுவதற்கு மூச்சு மிச்சமிருந்ததால் மகளைத் திட்டினாள்.

நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்தக் கோபம் அவள் கழிவறைக் குழாய் உடையும்வரை தாங்கியது. முப்பத்தொன்றாம் எண் என்று எழுதி மூன்று மனு போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அத்தனை நாள் அரசாங்கம் மதித்தது தன்னை அல்ல, தன் கதவில் இருந்த தகரத்தை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த முறை ஏழு, கால் விளங்காத பெயிண்டரின் கழிவறை பழுதான வீட்டுக்குப் போனது. அதற்கடுத்த முறை, சுவர் உப்பிய ஆயாம்மாவின் வீட்டுக்கு. வரிசையைத் தையல்காரிதான் முடிவு செய்தாள். யாருக்கு அதிகம் மூச்சு வாங்குகிறதோ அவர்களுக்கு முன்னுரிமை. ஆறு மாதத்துக்கு ஒரு வீடு. எல்லா வீடும் சரியாகப் பதினெட்டு வருஷம் ஆகும்.

மூன்றாவது இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் தபாலில் ஒரு கடிதம் வந்தது.

'ஏழாம் எண் வீட்டில் முதலில் கூரையும், பின்னர் கழிவறையும், தற்போது சுவரும் பழுதடைந்துள்ளன. கட்டடத்தில் வேறு எந்த வீட்டிலும் பழுது இருப்பதாகப் பதிவு இல்லை. எனவே இது குடியிருப்போரின் கவனக்குறைவே எனத் தெரியவருகிறது. இனியும் தொடர்ந்தால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும்.'

தையல்காரி அதை மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"யாரையடி ரத்து பண்ணுவாங்க?"

"ஏழாம் நம்பர்ல இருக்கறவங்கள."

"அது யாரு?"

"வந்து கண்டுபிடிக்கட்டும். அப்பவாவது முப்பத்தாறு கதவையும் தட்டுவாங்க."

கடிதத்தாள் நல்ல கனமாக இருந்தது. தையல்காரி அதை மடித்து, ஜாக்கெட் கழுத்துக்கு அளவு வரைந்து, கத்தரிக்கோலை எடுத்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. நாத்தனார் நின்றிருந்தாள். கணுக்கால்வரை ஈரம்.

"அந்தத் திருப்புளியக் கொஞ்சம் குடேன்," என்றாள், தரையைப் பார்த்தபடி.

"உங்க முறை வர நாலு வருஷம் ஆகும் அண்ணி."

"எனக்கில்ல. அடுத்தது எந்த வீடோ சொல்லு. பலகைய நான் புடிச்சுக்கறேன்."