குமுதாவுக்கு ஓர் இடம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகையின் கல்விச் சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டார்கள். எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத்தைப் பற்றி. மாநில அரசு நடத்துவது. ஒரு காலத்தில் யார் விண்ணப்பித்தாலும் இடம் கிடைத்த பல்கலைக்கழகம், இப்போது நல்ல புள்ளிகள் வாங்கின பிள்ளைகளையே “மன்னிக்கவும்” என்று திருப்பி அனுப்புகிறது. தெற்கே ஜொகூரிலிருந்தும் வடக்கே பினாங்கிலிருந்தும் காரெடுத்துக்கொண்டு வருகிறார்கள். “அந்த வளர்ச்சியைப் பாராட்டி எழுதுங்க டீச்சர்” என்றார் பத்திரிகை ஆசிரியர்.

நான் டீச்சர் இல்லை. புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். கதை எழுதுகிற பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ எங்கோ சட்டம் போட்டுவிட்டார்கள் போல. விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, விட்டுவிட்டேன்.

கட்டுரை இப்படித் தொடங்கியது:

[செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அறிவின் கலங்கரை விளக்கமாய் எழுந்து நிற்கும்

அடித்துவிட்டேன். கலங்கரை விளக்கம் கோலசிலாங்கூர் குன்றின்மேல் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஊருக்கு அது போதும்.

2

இரண்டாவது தொடக்கம் கோயில் மண்டபத்தில்.

எங்கள் கோயிலில் ஆண்டுதோறும் கல்வி விழா நடக்கும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, பளபளக்கும் தாள் சுற்றிய ஹேம்பர் கூடையைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் வரவேற்பறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்படும். பார்க்க அழகான வழக்கம்தான்.

அதற்குள் எழுதாத விதி ஒன்று இருந்தது. கோலாலம்பூர், பினாங்கு என்று வெளியே போகிறவர்களுக்குத்தான் மேடை. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டும். “நம்ம ஸ்பேர் டயருக்கெல்லாமா சால்வை?” என்பார்கள். ஆமாம், ஸ்பேர் டயர். அதுதான் அதற்கு எங்கள் ஊர் வைத்த பெயர். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அங்கே ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பார்கள். வேறெதுவும் கிடைக்காவிட்டால் எடுத்து மாட்டிக்கொள்ள.

இந்த வருட விழாவில் கோயில் தலைவர் நாராயணசாமி ஒலிவாங்கியைப் பிடித்து, “நம்ம ஊருப் பல்கலைக்கழகம்! இன்னிக்கு அங்க இடம் கிடைக்கிறது லேசுப்பட்ட காரியமா?” என்று முழங்கி, முதல் பெயராகவே குமுதாவின் மகள் நித்தியாவைக் கூப்பிட்டார். கணக்கியல் துறை. நித்தியா மேடையேறினாள். குடும்பத்தையும் கூப்பிட்டார்கள். அப்பா முகுந்தன் எழுந்து போனார். குமுதா மட்டும் நாற்காலியிலேயே இருந்தாள். பக்கத்தில் இருந்த நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

[குமுதாவின் கண்களில் பெருமை நிரம்பி வழிந்தது. இருபது ஆண்டு உழைப்பின் பயனை

(எழுதும்போதே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் எழுதிவிட்டேன். தாய் என்று வந்தால் கை தானாகவே இப்படி எழுதுகிறது. இந்தக் கையை என்ன செய்வது?)

3

குமுதா யார் என்று சொல்லவில்லை, பாருங்கள்.

வயது நாற்பதைத் தொடப் போகிறாள். புக்கிட் ரோத்தானுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது தாமான் குடியிருப்பில் வீடு, கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. தொழிற்சாலை பஸ் தினமும் அந்தப் பல்கலைக்கழக வாசலைத் தாண்டித்தான் போகும். வாசல் பக்கம் தெரியும்படி இடது பக்க சீட்டில்தான் உட்காருவாள். அந்த சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் சண்டைக்குப் போய்விடுவாள். சண்டைக்காரி என்று பஸ்ஸில் பெயர் வாங்கியிருக்கிறாள்.

பள்ளியில் கடைசி வகுப்பான படிவம் ஆறு முடித்த வருடம் அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது. கணக்கியல். அவள் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, வீட்டில் போகத்தான் சொன்னார்கள். மேடைக்குக் கூப்பிடாத பல்கலைக்கழகத்துக்குப் போவதா என்று இவள்தான் மறுத்தாள். கோலாலம்பூரிலிருந்து பதில் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. சரி, பக்கத்தில் இருக்கிறதுதானே, எங்கே ஓடிவிடப் போகிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு கல்யாணம். பிறகு நித்தியா. ஒவ்வொரு வருடமும் “அடுத்த வருஷம்” என்றாள்.

பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்று நமக்காகக் காத்திருக்கும் என்று நினைத்துவிட்டோம். குமுதா மட்டுமில்லை, எங்கள் ஊரே அப்படித்தான் நினைத்தது. அதற்குள் அங்கே புதுக் கட்டடங்கள் வந்தன, நல்ல விரிவுரையாளர்கள் வந்தார்கள், படித்து முடித்த பிள்ளைகளுக்குச் சட்டென்று வேலை கிடைத்தது. கேட்கிற தகுதி வருடத்துக்கு வருடம் ஏறியது. ஒரு நாள் குமுதா தன் பழைய தேர்ச்சியை எடுத்து அந்தத் தகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பத்தவில்லை.

4

மேலே உள்ள “பெருமை நிரம்பி வழிந்தது” என்ற வரியைக் குமுதாவே படித்துவிட்டாள். பஞ்சாபி உடைக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தவள், தையல் இயந்திரத்தின் மேல் கிடந்த தாளை எடுத்துவிட்டாள். நான் பிடுங்குவதற்குள் முடித்துவிட்டாள்.

“இது நானா அக்கா?”

“சும்மா கதைடி.”

“பேரு குமுதான்னு போட்டிருக்கு.”

“மாத்திடுவேன்.”

“பேரு இருக்கட்டும் லா. இந்தப் பெருமைங்கிறத மாத்துங்க.” தாளை மடித்து என் கையில் வைத்தாள். “எனக்குப் பெருமையெல்லாம் இல்ல. வயிறு எரிஞ்சுச்சு.”

நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

“பெத்த புள்ளையப் பார்த்து வயிறு எரியுதேன்னு எனக்கே கேவலமா இருந்துச்சு. அதான் மேல போகல. அவ மேல கோவம் இல்லக்கா. அவ நல்லாத்தான் படிச்சா. ஆனா அந்தச் சால்வை, அந்தக் கிளாசு, அந்த லைப்ரரி… எனக்கு வேணும்க்கா. அவ போறது நான் போன மாதிரி ஆயிடாது. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ‘நீ போகாட்டி என்ன, புள்ள போறால்ல’ன்னு. அவ சாப்பிட்டா என் பசி அடங்கிடுமா?”

இதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும். என் கற்பனைக்கு எட்டவில்லை. எழுதுகிறவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

“சரி, இந்த உடுப்பு எதுக்கு? நித்தியாவோட அறிமுக நாளுக்கா?”

“இண்டர்வியூக்கு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். வேற யாருக்கு?”

5

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தொரு வயது தாண்டியவர்கள், வேலை அனுபவத்தைக் காட்டிப் பட்டப் படிப்பில் சேர ஒரு வழி இருக்கிறது. பழைய தேர்ச்சி பத்தாதவர்களுக்கு அது ஒன்றுதான் கதவு. முன்பெல்லாம் அந்த வழியில் வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்களாம். இப்போது அதற்கும் கூட்டம். எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் நேர்முகம், அதிலும் தேறினால்தான் இடம். குமுதா எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். பஸ்ஸில் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தே படித்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை நேர்முகம். தேறிய பலரில் சிலரைத்தான் எடுப்பார்கள்.

(தகுதி உயர்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், தவறாக நினைத்துவிடாதீர்கள். ஸ்பேர் டயர் என்று சிரித்தவர்கள் வாயடைத்துப் போனதைப் பார்க்க நன்றாகவே இருந்தது. அவர்களோடு சேர்ந்து குமுதாவும் வெளியே நிற்கிறாள் என்பதுதான் இடிக்கிறது.)

நித்தியாவுக்கு விஷயம் தெரிந்த அன்று வீட்டில் நடந்ததைக் குமுதா சொன்னபடியே எழுதுகிறேன்.

“அம்மா, சீரியஸ் லா? அதே ஃபேகல்ட்டியா?”

“உன்னைத் தெரியாத மாதிரி நடந்துக்கிறேன்.”

“எப்படிம்மா? என் மூஞ்சியும் உங்க மூஞ்சியும் ஒண்ணு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் என்னா சொல்லுவாங்க?”

குமுதா பதில் சொல்லாமல் மீன் கழுவப் போய்விட்டாள். நித்தியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசவில்லை.

6

இனி முடிவு வேண்டும். உடுப்பு தைத்துக்கொண்டே மூன்று முடிவுகள் யோசித்தேன்.

முடிவு ஒன்று: குமுதாவுக்கு இடம் கிடைக்கிறது. தாயும் மகளும் ஒரே காரில் வகுப்புக்குப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் சேதுவிடம் படித்துக் காட்டினேன். செகிஞ்சானிலிருந்து நெல் லோரி ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த மனிதர் அழுதுவிட்டார். சேது அழுதால் அந்த முடிவு தேறாது என்று அர்த்தம். கல்யாண வீட்டு வீடியோவுக்கும் அழுகிறவர் அவர்.

முடிவு இரண்டு: கிடைக்கவில்லை.

[பஸ் வழக்கம்போல அந்த வாசலைத் தாண்டியது. குமுதா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து

உடுப்பைப் போட்டுப் பார்க்க வந்த குமுதாவிடம் இதைச் சொன்னேன். இடுப்பில் குண்டூசி குத்தியிருந்ததையும் மறந்து திரும்பிவிட்டாள்.

“என்னைய வாசலுக்கு வெளியவே நிறுத்திக் கதைய முடிக்கப் பாக்குறீங்களா? இத்தன வருஷம் நின்னது பத்தாதா? படிக்கிறவங்க ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பிடுவாங்க. அப்புறம் நான் எங்க போறது?”

முடிவு மூன்று: மகளின் சங்கடத்தைப் பார்த்துத் தாயே நேர்முகத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறாள். இதைச் சொல்லி முடிப்பதற்குள்,

“தியாகம் கியாகம்னு எழுதினீங்க, இந்தக் கடைப் பக்கமே வரமாட்டேன். ஜெராம்ல போய்த் தச்சுக்குவேன்” என்றாள்.

மூன்றையும் கிழித்துப் போட்டேன். நல்ல வாடிக்கையாளரை இழக்க முடியாது.

7

செவ்வாய்க்கிழமை. சேதுவுக்கு லோரி வேலை, முகுந்தனுக்கு விடுப்பு இல்லை. நான்தான் கடையைப் பூட்டிவிட்டு என் காரில் குமுதாவைக் கூட்டிப் போனேன். இனிமேல் கற்பனை இல்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

வாசல் வந்தது. காவலர் தடுப்பைத் தூக்கினார். கார் உள்ளே நுழைந்தது. திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூட முதல் நாள் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “எவ்வளவு பெருசு அக்கா” என்றாள்.

மாடியில் ஒரு நடைவழி, வரிசையாக நாற்காலிகள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரர், வங்கி உடுப்பில் ஒரு சீனப் பெண், இன்னும் சிலர். எல்லோருக்கும் அதே முகம். வேண்டும் என்கிற முகம். அந்த நடைவழியில் குமுதா மட்டுமே பாவம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நாங்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் படியில் ஆள் வரும் சத்தம். நித்தியா. கழுத்தில் அந்த வாரம்தான் கிடைத்த மாணவர் அட்டை தொங்க, மூச்சு வாங்க வந்து நின்றாள். கூடவே இரண்டு தோழிகள். குமுதா சட்டென்று முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டாள், தெரியாத மாதிரி நடந்துகொள்கிறாளாம். எனக்கு அடித்துக்கொண்டு அழலாம் போல இருந்தது.

“இதுதான் என் அம்மா” என்றாள் நித்தியா தோழிகளிடம்.

பிறகு குனிந்து அம்மாவின் துப்பட்டாவைச் சரிசெய்தாள். நான் சரியாகத்தான் போட்டுவிட்டிருந்தேன்.

“அம்மா, ‘ஏன் இப்போ’ன்னு கண்டிப்பா கேப்பாங்க. எனக்காகன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்பாவுக்காக, வேலைக்காக, எதுவும் வேணாம்.”

“அப்புறம் என்னா சொல்ல?”

“உங்களுக்கு வேணும்னு சொல்லுங்கம்மா. அன்னிக்கு மீன் கழுவப் போறப்போ சொல்லாம போனீங்கல்ல, அதைச் சொல்லுங்க.”

குமுதா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. சிரித்தாள். வயிற்றெரிச்சல் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்திருந்தாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

8

இந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். உள்ளே உறவினருக்கு அனுமதியில்லையாம். எழுதுகிறவள் என்றேன். எழுதுகிறவளுக்கும் இல்லையாம்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருப்பார்கள் என்று நித்தியா சொன்னாள். நல்லவர்கள்தான். தங்கள் பல்கலைக்கழகத்தை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தவர்கள். யார் வந்தாலும் எடுத்துக்கொள்கிற காலத்துக்குத் திரும்ப அவர்களுக்கு மனமில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. இடங்களோ சில. நடைவழியில் இருக்கிற எல்லோருக்கும் காரணம் இருக்கிறது.

என்னால் அந்த மூன்று பேரையும் எழுத முடியவில்லை. நான்கு முறை முயன்று பார்த்தேன். நல்லவர்களாக எழுதினால் சேது அழுகிறார், கெட்டவர்களாக எழுதினால் பொய்யாகிறது. அதனால் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். குமுதாவை உங்களுக்குத் தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது. அவள் தேர்ச்சி பத்தாது என்பதும் உங்களுக்குத் தெரியும். வெளியே அந்த ராணுவக்காரர் காத்திருப்பதும் தெரியும். இரக்கப்பட வேண்டாம், அவளுக்கு அது பிடிக்காது.

துப்பட்டாவை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு குமுதா கதவைத் தட்டுகிறாள். சத்தம் கேட்கிறதா? நான் வெளியே நிற்கிறேன், என்னால் பதில் சொல்ல முடியாது.

உள்ளே இருப்பவர் நீங்கள்.