டிரினிடாட்டில் விழுந்த மாலை

தில்லையம்பலத்துக்கு அந்தப் பயணமே பிடிக்கவில்லை. டிரினிடாட் தீவுக்குப் பத்து நாள். பல்கலைக்கழகம் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறதாம். உள்ளூர் வியாபாரமும் பண்பாடும் படிக்கிறதாம். கடலும் வெயிலும் உள்ள இடமாகப் பார்த்துத்தான் படிப்பு முளைக்குமோ? இங்கே வீட்டுக்குப் பக்கத்து மோர்டன் ஸ்டேஷனில் இறங்கி நாலு கடை ஏறி இறங்கினால் வியாபாரம் தெரியாதோ?

"இதுக்கு மார்க்ஸ் இருக்கு அப்பா," என்று மகள் வாணி ஒரு கடதாசியை நீட்டினாள். கொக்கோத் தோட்டம், ரொட்டிக் கடை, மிளகாய்ச் சோஸ் செய்கிற ஒரு குடும்பத்தின் தொழிற்சாலை என்று நாள்வாரியாக அச்சடித்திருந்தது. மனுஷன் மூன்று தரம் வாசித்தார். பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்து, தன் பெயரைச் சொல்லாமல் விசாரித்தும் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. எல்லாம் இவ்வளவு சரியாக இருந்ததுதான் அவருக்கு இன்னும் இடித்தது.

ஏன் இந்தப் பதற்றம் என்றால், காரணம் இருந்தது. பக்கத்து ஊரான சட்டனில் இருக்கிற மகாலிங்கத்தின் மகன் யுவனேஸ்வரனுக்கு வாணியைப் பேசியிருந்தார்கள். பார்மசிஸ்ட் மாப்பிள்ளை. சாதகக் குறிப்புப் பொருந்தி, பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு மாதமாகப் போனில் கதைக்கிறார்கள். ஆனால் வாணி இன்னும் சம்மதம் சொல்லவில்லை. திரும்பி வந்து சொல்கிறேன் என்று பிளேன் ஏறிவிட்டாள். வந்து சொல்வாளாம்! அதை இங்கேயிருந்து சொன்னால் வாய் சுட்டுவிடுமோ?

ஏழாம் நாள், வேலைக்கூட்டாளி சவிரிமுத்து வீடு தேடி வந்தார். அவருடைய மகளும் வாணியும் பேஸ்புக்கில் சிநேகிதிகள்.

"அண்ணை, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கோ," என்று மடித்து வைத்திருந்த ஒரு தாளைப் பிரித்தார்.

கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்த படம். வாணி சேலையில் நிற்கிறாள். கழுத்தில் தடித்த மாலை, நெற்றி நிறையக் குங்குமம். பக்கத்தில் நெடுத்த பெடியன் ஒருவன். அவன் கழுத்திலும் மாலை. பின்னால் அம்மன். இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஒருக்கா அவளுக்குக் கோல் எடுத்துக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி கனகவல்லி.

"கேட்டவுடன சொல்லிப்போடுவாளோ? கள்ளி! எங்களைப் பேய்க்காட்டிப்போட்டாள். மகாலிங்கத்தார் இதை ஊர்வாயில கேக்க முதல் நானே சொல்லிப்போடுறன். அந்த மானமாவது மிஞ்சட்டும்."

சொன்னார். "எங்கட பிள்ளை அங்க ஒருத்தனைக் கலியாணம் முடிச்சிட்டாள். நீங்கள் வேற இடம் பாருங்கோ," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். போனை வைத்ததும், பாவி மனுஷனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நேர்மையாக நடந்துகொண்டாராம்!

மூன்று நாள் கழித்து, காட்விக் விமான நிலையத்தில் வாணி தனியாகத்தான் வந்தாள். கையில் போன். முகத்தில் சிரிப்பில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகுதான் வாய் திறந்தாள்.

"அப்பா, நான் கலியாணம் முடிச்சிட்டன் எண்டு யுவன் வீட்டாருக்குச் சொன்னனீங்களோ?"

தில்லையம்பலம் அந்தத் தாளை எடுத்து நீட்டினார். வாணி அதைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது சோஸ் தொழிற்சாலைக்காரற்ற கோயில். அவையின்ர பூட்டன் அந்தக் காலம் மெட்ராஸ் பக்கத்தால தோட்ட வேலைக்குப் போனவராம். ஆர் வந்தாலும் மாலை போட்டு, குங்குமம் வைச்சுத்தான் சாப்பாடு குடுப்பினம். பக்கத்தில நிக்கிற பெடியனும் எங்களோட படிக்கிறவன்தான். வந்த பதினெட்டுப் பேருக்கும் போட்டவை. எங்கட வெள்ளைக்காரப் புரொபசருக்கும் போட்டவை. அவருக்குமோ கலியாணம்?"

பின்சீட்டில் கனகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். தில்லையம்பலம் சட்டைப்பையில் போனைத் தேடினார்.

"இப்பவே மகாலிங்கத்தாருக்கு எடுக்கிறன். நான் பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுறன்."

"யுவன் சொல்லிப் பாத்திட்டார். அவற்ற அம்மா நம்பேல்லையாம். பெத்த தகப்பன் வலியச் சொன்னது பொய்யாகுமோ, இனி மழுப்பத்தான் பாப்பினம் எண்டு சொல்லுறாவாம். அம்மாவை மீற ஏலாதாம் அவருக்கு. மெசேஜ் போட்டிருக்கிறார்."

வாணி தாளை நாலாய் மடித்துத் தகப்பனின் மடியில் வைத்தாள்.

"அவரும் இந்தப் படத்தைப் பாத்தவர் அப்பா. பாத்த உடன எனக்குக் கோல் எடுத்து, இதென்ன கூத்து எண்டு கேட்டவர். நான் சொன்னன். சிரிச்சவர். அப்பிடிக் கேட்டவர் எண்டுதான் அண்டைக்கே நான் அவருக்குக் கலியாணத்துக்கு ஓம் எண்டு சொன்னனான்."